சிறிய வண்டியும் பெரிய வேகமும்

ஊரை விட்டு வந்து வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் குடும்பங்களில் சிறிய மோட்டார் வண்டி இன்று ஓர் ஆடம்பரப் பொருளன்று. அலுவலகம் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் போய் வரவும், ஆண்டுக்கு ஒரு முறை பெட்டி படுக்கைகளுடன் ரயில் நிலையம் சேரவும் அது பயன்படுகிறது. நீளம் குறைவு, நெருக்கடியான தெருவில் எளிதில் திரும்பும், பின்புறம் ஒரே கதவாக மேல்நோக்கித் திறந்து, அரிசி மூட்டை முதல் தையல் இயந்திரம் வரை எதையும் ஏற்றுக்கொள்ளும், பெட்ரோல் செலவும் அடங்கியிருக்கும். இத்தகைய சாதுவான வண்டியையே சில கம்பெனிகள் விரைவோட்ட வண்டியாக மாற்றி விற்பதுண்டு. வெளித் தோற்றத்தில் இரண்டும் உடன்பிறந்தவை போலவே இருக்கும், குணமோ வேறு. அவ்வேற்றுமை எதில் அடங்கியிருக்கிறது என்பதை ஆராயும்படி நமக்கு ஒரு நிர்ப்பந்தம் ஏற்பட்டது.

தில்லியில் நாம் வசிக்கும் அரசாங்கக் குடியிருப்பில் அடுத்த வீட்டு நண்பர் பொள்ளாச்சிப் பக்கத்தவர். வேறோர் இலாகாவில் பணியாற்றுகிறார். அவர் மகனுக்கு இருபத்து நான்கு வயது. குருகிராமத்தில் வேலை, சொந்தச் சம்பாத்தியத்தில் டாட்டா கம்பெனியாரின் டியாகோ என்னும் சிறிய வண்டி ஒன்றை வாங்கியிருந்தான். அதனைப் பந்தய வண்டி போல் ஆக்கித் தருவதாகக் கரோல் பாகில் ஒரு கடைக்காரர் அவனிடம் சொல்லியிருந்தார். எழுபதாயிரம் ரூபாய், அதற்குப் பெரிய சக்கரங்கள், தாழ்ந்த ஸ்பிரிங்குகள், உரத்து முழங்கும் சைலன்சர், அன்றியும் எஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டியில் கணக்குகளை மாற்றி எழுதி, இருபது குதிரைத்திறன் கூட்டித் தருவதாகவும் வாக்கு. பையன் முன்பணம் கொடுக்கத் தயாராக இருந்தான். தந்தைக்கு உறக்கமில்லை.

"ஏனுங்க, நீங்க நாலு எழுத்துப் படிச்சவரு. இவனுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்று ஒரு மாலை அவனை நம்மிடம் அழைத்து வந்தார்.

நாம் பட்டம் பெற்றது வரலாற்றில், பிழைப்பது மொழிபெயர்ப்பில். மோட்டாரைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் போக்குவரத்து விதிகளைத் தமிழாக்கும்போது அறிந்ததே. ஆகையால் பையனிடம், "ஒரு மாதம் பொறுத்துக்கொள், இருவரும் சேர்ந்து படித்துப் பார்ப்போம்" என்றோம். "சரி மாமா" என்றான். படித்தவற்றுள் பிறருக்கும் பயன்படக் கூடியவற்றை இங்கே கூறுகிறோம்.

முதலில் பெயர்த் தொல்லை. இவ்வகை வண்டியை ஆங்கிலேயர் ‘ஹாட் ஹாட்ச்’ என்பர். சொல்லுக்குச் சொல் வைத்துப் பெயர்த்தால் அடுப்பங்கரை நினைவுதான் வரும். ‘விரைவுச் சிற்றுந்து’ என்று நாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். நண்பரின் மகன் படித்துவிட்டுச் சிரித்தான். எனவே இக்கட்டுரை முழுவதிலும் ‘வண்டி’ என்றே சொல்லிச் செல்வோம். பணிமனைகளில் வேலை செய்வோரும் அப்படித்தான் சொல்லுகிறார்கள்.

இவ்வகையின் பிறப்பு இங்கிலாந்தில் நிகழ்ந்தது. 1956-ஆம் ஆண்டு சூயஸ் கால்வாய் நெருக்கடியால் அங்கே பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. குறைந்த எண்ணெயில் நால்வரைச் சுமக்கும் வண்டி தேவையாயிற்று. அலெக் இஸ்ஸிகோனிஸ் என்னும் பொறியியல் வல்லுநர் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர்ப் பெட்டியை அதன் அடியிலேயே அடக்கி, பத்தே அடி நீளத்தில் நால்வர் அமரும் வண்டியொன்றை அமைத்தார். அதுவே 1959 ஆகஸ்டில் வெளிவந்த மினி. அதன் எஞ்சின் 848 கன சென்டிமீட்டர். ஆற்றல் 34 குதிரைத்திறன். பின்கதவு மேலே திறக்கும் அமைப்பு அதற்கு இல்லை. ஆயினும் இன்றைய சிறு வண்டிகள் எல்லாவற்றுக்கும் அதுவே மூதாதை எனலாம்.

பந்தய வண்டிகள் செய்து புகழ் பெற்றிருந்த ஜான் கூப்பர், இந்தச் சாதாரண வண்டி திருப்பங்களில் தரையைப் பற்றிக்கொண்டு செல்லும் திறத்தைக் கண்டு வியந்தார். இதனை விரைவு வண்டியாக்கலாம் என்று அவர் சொன்னபோது இஸ்ஸிகோனிஸுக்கு அதில் ஆர்வம் இல்லை. ஏழை எளியோருக்கென ஆக்கியதைப் பந்தயத்துக்கு இழுப்பானேன் என்பது அவர் எண்ணம். எனினும் கம்பெனியின் தலைவர்களுள் ஒருவரான ஜார்ஜ் ஹாரிமன் ஆயிரம் வண்டிகள் செய்து பார்க்க இசைந்தார். 1961-இல் மினி கூப்பர் வெளிவந்தது. எஞ்சின் 997 கன சென்டிமீட்டராகப் பெருகியது; ஒன்றுக்கு இரண்டாகக் கார்புரேட்டர்கள் அமைந்தன; ஆற்றல் 55 குதிரைத்திறனாக உயர்ந்தது. இவற்றைக் காட்டிலும் நம் கவனத்துக்கு உரியது வேறொன்று: முன்சக்கரங்களில் டிரம் பிரேக்குகளை நீக்கி டிஸ்க் பிரேக்குகளை வைத்தார்கள். ஓடும் திறனைக் கூட்டிய அன்றே நிற்கும் திறனையும் கூட்டினார்கள் என்பது இதன் பொருள்.

பின்னர் நடந்தது பலரும் அறிந்ததே. பனி மூடிய மலைச் சாலைகளில் நடக்கும் மாண்டி கார்லோ ஓட்டப் பந்தயத்தில் 1964-இல் பாடி ஹாப்கர்க்கும், 1965-இல் டிமோ மேக்கினனும், 1967-இல் ரவுனோ ஆல்டோனனும் மினி கூப்பர் எஸ் வண்டியில் வென்றார்கள். 1966-இல் முதல் மூன்று இடங்களையும் மினிகளே பிடித்தன. ஆனால் முன்விளக்குகள் விதிக்கு ஒத்தனவல்ல என்று கூறி மூன்றையும் விலக்கிவிட்டார்கள். அத்தீர்ப்பைப் பற்றிய வாதம் வெகு காலம் ஓயவில்லை. 1976-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த கோல்ஃப் ஜி.டி.ஐ. இதே வழியில் சென்று, மேலே திறக்கும் பின்கதவையும் சேர்த்துக்கொண்டது. 110 குதிரைத்திறன் கொண்ட அவ்வண்டியை ஐயாயிரம் செய்தால் போதும் என்று கம்பெனியார் எண்ணினர். அதன் முதல் வடிவம் மட்டும் நான்கரை லட்சத்துக்கு மேல் விற்றது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். டியாகோ 2016-இல் வந்த வண்டி. குஜராத்தில் சாணந்து என்னும் இடத்தில் செய்யப்படுவது. நண்பரின் மகன் வைத்திருப்பது அவ்வகையில் சாதாரணமானது: மூன்று உருளை பெட்ரோல் எஞ்சின், 85 குதிரைத்திறன். இதே டியாகோவுக்கு ஒரு விரைவு வடிவம் 2018 அக்டோபரில் வந்தது. அதன் பெயர் டியாகோ ஜே.டி.பி. அதனை உருவாக்குவதில் டாட்டா கம்பெனியோடு பங்கு கொண்டது கோயம்புத்தூரைச் சேர்ந்த ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனம். இரு தரப்பாரும் சரிபாதிப் பங்காக 2017-இல் ஒரு கூட்டு நிறுவனம் அமைத்து இம்முயற்சியில் இறங்கினர். தில்லியில் வரி, பதிவு முதலியவை நீங்கலாக விலை 6 லட்சத்து 39 ஆயிரம் ரூபாய். பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள ஊரில் மெருகேறிய வண்டி என்று தெரிந்ததும் நண்பருக்கே அதில் ஓர் ஆசை பிறந்துவிட்டது. மகனைக் கண்டிக்க வந்தவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அதன் எஞ்சினும் மூன்று உருளைகள் கொண்டதே. அளவு 1199 கன சென்டிமீட்டர். ஏன் 1200 அன்று, 1300 அன்று என்று பையன் கேட்டான். காரணம் பொறியியலில் இல்லை. வரிச் சட்டத்தில் இருக்கிறது. நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் 1200 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத பெட்ரோல் எஞ்சினும் உடையது சிறு வண்டி. அதற்குக் குறைந்த வரி. 2006-இல் கலால் தீர்வை நாளில் தொடங்கிய இம்முறை, 2017-இல் சரக்கு-சேவை வரி வந்த பின்னும் தொடர்ந்தது. ஆகவே நம் நாட்டில் சிறு வண்டியின் ஆற்றலைப் பெருக்க விரும்புவோர் எஞ்சினைப் பெரிதாக்க முடியாது. அதே பாத்திரத்தில் கூடுதலாகச் சமைத்தாக வேண்டும்.

அதற்கு உதவுவது டர்போ. எஞ்சின் ஆற்றல் தருவது பெட்ரோலால் மட்டுமன்று. பெட்ரோலோடு சேர்ந்து எரியும் காற்றாலும்தான். சாதாரண எஞ்சின் தன் உருளைகளின் உறிஞ்சும் வலிமையால் எவ்வளவு காற்றை இழுக்குமோ அவ்வளவோடு நிற்கும். டர்போ உள்ள எஞ்சினில், வீணாக வெளியேறும் சூடான புகையே ஒரு சிறிய சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். அச்சக்கரங்கள் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழலக் கூடியவை. காற்று மிகுந்தால் அதற்கேற்பப் பெட்ரோலையும் மிகுதியாக விடலாம், ஆற்றல் பெருகும். கொல்லன் உலையில் துருத்தி செய்யும் வேலையை ஒருவாறு இதனுடன் ஒப்பிடலாம். வேறுபாடு என்னவெனில், இங்கே துருத்தியை இயக்குவதும் உலைப் புகையே.

இவ்விடத்தில் பையன் முகம் சிறிது வாடிற்று. அவனுடைய வண்டியில் டர்போ இல்லை. உறிஞ்சும் காற்று அதே அளவாக இருக்க, மின்னணுப் பெட்டியில் கணக்கை மட்டும் திருத்தி எழுதினால் இருபது குதிரைத்திறன் எங்கிருந்து வரும்? ஒன்றிரண்டு வரலாம், மற்றவை கடைக்காரரின் பேச்சுத்திறன். டர்போ பொருத்திய எஞ்சினில் அவ்வாறு கணக்கைத் திருத்தினால் ஆற்றல் கூடுவது உண்மை. அவ்வழக்கம் கண்டே கடைக்காரர் எல்லா வண்டிக்கும் ஒரே வாக்கைத் தந்துவிட்டார் போலும்.

ஜே.டி.பி. வண்டியின் ஆற்றல் 114 குதிரைத்திறன். ஆனால் தெருவில் ஓட்டுபவருக்கு இதனினும் முக்கியமான எண் முறுக்குவிசை. சக்கரத்தைத் திருகும் வலிமையே அது. சாதாரண டியாகோவின் எஞ்சின் 114 நியூட்டன் மீட்டர் விசை தரும். அதுவும் நிமிடத்துக்கு 3500 சுற்று வேகத்தை எட்டிய பிறகே முழுமையாகத் தரும். ஜே.டி.பி. எஞ்சின் 150 நியூட்டன் மீட்டர் தரும். ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியின் நுனியில் பதினைந்து கிலோ எடையைத் தொங்கவிட்டால் மறுமுனையில் எவ்வளவு திருகல் உண்டாகுமோ, ஏறக்குறைய அவ்வளவு. அது 2000 சுற்றிலேயே கிடைத்து 4000 வரை குறையாமல் நிற்கிறது. இதனால் என்ன பயன்? இருவழிச் சாலையில் கரும்பு லாரி ஒன்றைக் கடக்க வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். சாதாரண வண்டியில் கியரை இறக்கி, எஞ்சினைக் கதறவிட்டு, எதிர்ப்பாதையில் நெடுநேரம் ஓட வேண்டியிருக்கும். முறுக்குவிசை தாழ்ந்த சுற்றிலேயே கிடைக்கும் வண்டி விரைவில் கடந்து தன் பாதைக்குத் திரும்பிவிடும். எதிர்ப்பாதையில் கழிக்கும் ஒவ்வொரு வினாடியும் அபாயமானது என்பதை நெடுஞ்சாலையில் சென்றவர்கள் அறிவார்கள். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட இவ்வண்டிக்குப் பத்து வினாடிக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும் என்று கம்பெனியார் அறிவித்தனர். சாதாரண டியாகோவுக்கு அதைவிட நான்கு வினாடியாவது மிகுதியாகும்.

நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது வேறு செய்தி. இந்த எஞ்சின் புதிதாகப் படைக்கப்பட்டதன்று. டாட்டாவின் நெக்ஸான் என்னும் சற்றே பெரிய வண்டியில் முன்பே இருந்தது. அங்கே அதன் ஆற்றல் 110 குதிரைத்திறன். முறுக்குவிசை 170 நியூட்டன் மீட்டர். டியாகோவுக்குக் கொண்டு வந்தபோது குதிரைத்திறனை நான்கு கூட்டிய வல்லுநர்கள், முறுக்குவிசையை இருபது குறைத்திருக்கிறார்கள்! விரைவு வண்டி செய்யப் புகுந்தவர்கள் கையிலிருந்த வலிமையை ஏன் குறைத்தார்கள்? சிறிய வண்டியின் ஐந்து கியர்ப் பெட்டி எவ்வளவு தாங்கும், இழுக்கவும் திரும்பவும் இரண்டு வேலைகளையும் தாமே செய்யும் முன்சக்கரங்கள் எவ்வளவு தாங்கும் என்பதை அளந்தே குறைத்தார்கள் என்று கொள்வதுதான் பொருந்தும். முன்சக்கர வண்டியில் விசை அளவு கடந்தால் ஸ்டியரிங் ஒரு பக்கமாகப் பிடுங்கிக்கொண்டு போகும். குறைந்ததை ஈடு செய்ய, கியர்களின் விகிதத்தை மாற்றி அமைத்தார்கள். நெக்ஸானைவிட டியாகோ எடை குறைந்ததாகையால் ஓட்டத்தில் குறை தோன்றாது. எதைச் சேர்ப்பது என்பதோடு எதைக் குறைப்பது என்றும் தெரிந்த கைகள் அவை.

டயரிலும் இதே நிதானம் காணப்படுகிறது. டயரின் பக்கவாட்டில் 185/60 ஆர் 15 என்பது போல ஒரு குறி இருக்கும். 185 என்பது அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது அந்த அகலத்தில் டயரின் சுவர் நூற்றுக்கு எத்தனை பங்கு உயரம் என்பது. 15 என்பது உள்ளிருக்கும் உலோகச் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். ஜே.டி.பி. வண்டியின் டயர் இதுவே. சாதாரண டியாகோவின் உயர்ந்த வகையில் 2016-இல் இருந்தது 175/65 ஆர் 14. கணக்கிட்டுப் பாருங்கள்: பழைய டயரின் சுவர் 114 மில்லிமீட்டர், புதியதன் சுவர் 111. அகலம் கூடியிருக்கிறது, சக்கரம் பெரிதாகியிருக்கிறது, ஆனால் பள்ளத்தில் விழும்போது அடி வாங்கும் ரப்பர்ச் சுவர் ஏறக்குறைய அப்படியே காக்கப்பட்டிருக்கிறது. கரோல் பாக் கடைக்காரர் சொன்னது பதினேழு அங்குலச் சக்கரத்தில் 195/40 டயர். அதன் சுவர் 78 மில்லிமீட்டர்தான். மழைக்காலத்தில் தில்லிச் சாலைகளில் உண்டாகும் குழிகளை நாம் வருணிக்கத் தேவையில்லை. அவற்றுள் ஒன்றில் அத்தகைய சக்கரம் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் ரப்பர் நசுங்கி உலோகம் வளைய அதிக நேரம் ஆகாது.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் கடினமாக்கப்பட்டன. வண்டியின் உயரம் நான்கு மில்லிமீட்டரே தாழ்ந்தது. நான்கு மில்லிமீட்டர் என்றதும் பையனுக்கு ஏமாற்றம். கடைக்காரர் இரண்டு அங்குலம் தாழ்த்துவதாகச் சொல்லியிருந்தாராம். இரண்டு அங்குலம் தாழ்ந்த வண்டி, நம் குடியிருப்பின் வாயிலில் இருக்கும் வேகத்தடையை வயிறு உராயாமல் தாண்டுமா என்று தந்தை கேட்டார். மூவரும் எழுந்து போய் அளவுகோலால் அத்தடையை அளந்தோம். காவற்காரர் நம்மைப் பொதுப்பணித் துறையினர் என்று எண்ணி, தடை நொறுங்கியிருப்பதைப் பற்றிப் புகார் செய்தார்.

பிரேக்கைப் பற்றி ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். ஜே.டி.பி. வண்டியின் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கே வைத்திருந்தார்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் மின்னணு ஏற்பாடு உண்டு. முன்பக்கம் டிஸ்க்கும் உண்டு. அன்றாட ஓட்டத்துக்கு அது போதும். எனினும் வேகம் இரட்டித்தால் நிறுத்துவதற்குத் தேவைப்படும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது மாறாத விதி. நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 28 மீட்டர் ஓடிவிடும். அபாயத்தைக் கண்டு கால் பிரேக்கைத் தேடுவதற்குள் இரண்டு பஸ்களின் நீளத்துக்கு மேல் கடந்திருக்கும். பின்சக்கரத்துக்கும் டிஸ்க் கொடுத்திருந்தால் விலை சிறிது ஏறியிருக்கும். நாம் அதை வரவேற்றிருப்போம். அதற்குப் பதிலாகக் கறுப்புக் கூரை, எஞ்சின் மூடியின் மேல் காற்று வாய்கள், உள்ளே சிவப்பு விளிம்புகள், அலுமினியப் பெடல்கள் எல்லாம் இருந்தன. இளைஞர் கண்ணுக்கு அவையும் வேண்டும் போலும், வழக்காட விரும்பவில்லை.

இப்படியொரு வண்டியைப் பக்குவப்படுத்தும் கலை கோயம்புத்தூருக்கு எப்படி வந்தது? அது திடீரென்று வந்ததன்று. பஞ்சாலைகளும் வார்ப்பாலைகளும் மோட்டார் பம்பு செய்யும் பட்டறைகளும் நிறைந்த அந்நகரில் இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பது பல தலைமுறைப் பழக்கம். ஜி. டி. நாயுடுவின் ஊர் அது. பின்னாளில் ஆலைக் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவரதன் மோட்டார்ப் பந்தயத்தில் ஈடுபட்டார். சென்னைக்கு அருகே சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்து வந்த நாட்கள் அவை. சென்னையில் இளமையைக் கழித்தவர்கள் சிலருக்கு அவ்விரைச்சல் இன்னும் நினைவிருக்கும். வெளிநாட்டிலிருந்து பந்தய வண்டி வரவழைப்பது செல்வர்க்கே இயலும் என்ற நிலையில், மாருதி 800 என்னும் குடும்ப வண்டியின் சிறிய எஞ்சினையே வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளை அவர் உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று பெயர் பெற்ற அவ்வகை வண்டிகளில் ஓட்டிப் பழகியவர்களுள் ஒருவரே கோவையின் நரேன் கார்த்திகேயன். அவர் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவரதன் 1995-இல் சிறு விமான விபத்தொன்றில் இறந்தார். செட்டிபாளையத்திலுள்ள பந்தயப் பாதை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஜெயம் நிறுவனத்தை நடத்திய ஜெ. ஆனந்தும் பந்தயம் ஓட்டியவரே. பள்ளிக்குப் பிள்ளைகளைச் சுமக்கும் வண்டியின் எஞ்சினிலிருந்து எவ்வளவு பெறலாம் என்ற கேள்வியை அந்த ஊர் வெகு நாட்களாகவே கேட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

இவ்வளவு இருந்தும் அவ்வண்டி நெடுநாள் நிற்கவில்லை. 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் கடுமையான புகை விதி நாடெங்கும் வந்தது. எல்லா எஞ்சின்களையும் அதற்கேற்பத் திருத்த வேண்டியதாயிற்று. பல்லாயிரக்கணக்கில் விற்கும் வண்டிக்கு அச்செலவு பகிர்ந்துபோகும். சிலரே வாங்கும் வண்டிக்குப் பகிர வழியில்லை. ஜே.டி.பி. வண்டிகள் நின்றன, அவ்வாண்டே கூட்டு நிறுவனமும் முடிவுக்கு வந்தது. அதற்கு முன் ஃபியட் கம்பெனி 2015-இல் கொண்டு வந்த அபார்த் புன்டோவும், மாருதி 2017-இல் கொண்டு வந்த பலேனோ ஆர்.எஸ். வண்டியும் இதே போல் சில ஆண்டுகளில் மறைந்தவையே. ஆசை தீரவில்லை என்பதற்குச் சான்றாக, ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் ஐ20 வண்டிகளைச் செய்யும் ஹூண்டாய் 2021-இல் அதற்கு என் லைன் என்ற வடிவத்தையும், டாட்டா 2024-இல் ஆல்ட்ராஸ் ரேசரையும் வெளியிட்டன. இரண்டும் 120 குதிரைத்திறன் உடையவை. நம் நாட்டில் வண்டி வாங்குவோர் முதலில் கேட்பது, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. வாடகையும் கொடுத்து, ஊரிலுள்ள பெற்றோருக்கும் பணம் அனுப்புகிறவர் அதைக் கேட்பதைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை.

சட்டத்தைப் பற்றியும் பையனுக்குச் சொன்னோம். இது நம் துறை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அமைப்பினின்றும் மாறுபடும் வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றலாகாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை உறுதி செய்தது. அவ்வாண்டே திருத்தப்பட்ட சட்டத்தில், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதித்திருக்கிறது. சிறை என்பது யாருக்கும் எளிதில் வராது என்று பையன் சொன்னான், வராமலிருக்கலாம். ஆனால் விபத்து நேர்ந்தால், அறிவிக்காமல் மாற்றிய வண்டிக்கு இழப்பீடு தர முடியாது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி வாதாட இடமுண்டு. அடிபட்டவர் வேறொருவராக இருந்தால், அந்த வாதம் முடியும் வரை அவர் குடும்பத்தின் முகத்தில் எப்படி விழிப்பது? இதற்கு அவன் பதில் சொல்லவில்லை. முன்பணம் கொடுக்கவும் போகவில்லை.

மாறாக, பழைய ஜே.டி.பி. வண்டி ஒன்றை விலைக்கு வாங்குவது என்று தந்தையும் மகனும் தீர்மானித்தார்கள். ஃபரீதாபாதில் ஒன்று இருப்பதாகத் தெரிந்து, நம்மையும் உடனழைத்துச் சென்றனர். சிவப்பு நிறம், ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியது. உரிமையாளர் பக்கத்தில் அமர, பையன் ஓட்ட, நாமும் நண்பரும் பின்னிருக்கையில் அமர்ந்தோம். ஊருக்குள் அது எந்த டியாகோவையும் போலவே சென்றது. நெடுஞ்சாலையில் ஏறி மூன்றாம் கியரில் முள் 2000-ஐத் தாண்டியதும் நம் முதுகு இருக்கையில் அழுந்திற்று. நண்பர் முன்னிருக்கையைப் பற்றிக்கொண்டார். வேகம் எண்பதுக்கு மேல் போகவில்லை. ஆயினும் எண்பதை எட்டிய விதத்தில் ஓர் இன்பம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஓசைதான் பெரிதாக இருந்தது. வண்டி ஓரிடத்திலும் முழக்கம் வேறிடத்திலும் செல்வது போல் தோன்றிற்று.

இறங்கியதும் பையன் குனிந்து டயரின் குறியைப் படித்தான். 185/60 அன்று, வேறு எண். பின்னர் அடியில் எட்டிப் பார்த்தான், சைலன்சர் கம்பெனியுடையதன்று. ஸ்பிரிங்குகளும் வெளியில் வாங்கிப் போட்டவை. மின்னணுப் பெட்டியையும் மாற்றினீர்களா என்று கேட்டதற்கு உரிமையாளர் பெருமையோடு, "அதை முதல் மாதமே செய்துவிட்டேன், நூற்று நாற்பது குதிரை!" என்றார். கியர்ப் பெட்டி எப்படியிருக்கிறது என்று கேட்டான். ஒரு முறை பிரித்தாயிற்று என்று பதில் வந்தது.

பையன் கைகூப்பி விடைபெற்றான். திரும்பும் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை, பதர்பூர் மேம்பாலத்தருகே வந்ததும், "மாமா, கை படாத வண்டியாக ஒன்று எங்காவது இருக்கும் அல்லவா?" என்றான். இப்போது ஜெய்ப்பூரில் ஒரு வங்கி அதிகாரி வெள்ளை நிறத்தில் ஒன்று வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, தந்தையும் மகனும் இந்தச் சனிக்கிழமை புறப்பட்டுப் போயிருக்கிறார்கள். டயர்ச் சுவரை அளக்க நம் வீட்டு அளவுகோலையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.